பத்மினிக்குப் பெரிய கார்புரேட்டர்: எதை மாட்டலாம்?

சென்னையில் பிரீமியர் பத்மினி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள்: "அந்த சோலெக்ஸைக் கழட்டிடுங்க சார், பெருசா ஒண்ணு மாட்டினா பிக்கப் அள்ளும்." சோலெக்ஸ் என்பது வண்டியில் ஏற்கெனவே இருக்கிற கார்புரேட்டர்; பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது அதுதான். பெருசு என்றால் ஒற்றைத் தொண்டையா, இரட்டைத் தொண்டையா, அதாவது காற்று போகும் வழி ஒன்றா இரண்டா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதலில் காற்றுக் கணக்கு. 1089 சிசி நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் கொள்ளளவு காற்றை இழுக்கும். 5000 ஆர்பிஎம்மில், சிலிண்டர்கள் 80 சதவீதம் நிரம்புவதாக வைத்தால், நிமிடத்துக்கு 2200 லிட்டர் பக்கம் வரும். கத்திப்பாரா நெரிசலில் 1500 ஆர்பிஎம்மில் போகும்போது முழுதாக மிதித்தால்கூட 650 லிட்டர்தான். நம் வண்டிகள் பெரும்பாலும் இருப்பது இந்த இரண்டாவது கணக்கில்.

அதனால் பெரிய ஒற்றைத் தொண்டையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். தொண்டையின் குறுகலான பகுதியான வென்ச்சூரியில் காற்று வேகமாகப் போனால்தான் பெட்ரோல் பனிபோலச் சிதறும். வாய் அகலமானால் குறைந்த ஆர்பிஎம்மில் வேகம் செத்துவிடும், பெட்ரோல் சொட்டாக இறங்கும். சிக்னலில் மிதித்ததும் ஒரு திணறல். அதை மறைக்க, பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட்டைப் பெரிதாக்குவார்கள். பிளக் கரி பிடிக்கும், மைலேஜும் போகும்.

இரட்டைத் தொண்டை வேறு கதை. வெபர் 32/36 என்ற கார்புரேட்டரில் 32 மி.மீ. தொண்டை முதலில் திறக்கும். ஆக்ஸிலரேட்டரைப் பாதிக்கு மேல் மிதித்த பிறகுதான் 36 மி.மீ. தொண்டை சேர்ந்துகொள்ளும். நெரிசலில் சிறியது, ஈ.சி.ஆரில் இரண்டும். ஆனால் அது பெரும்பாலும் இரண்டு லிட்டர் வரையிலான எஞ்சின்களில் வந்தது, அந்த ஜெட்டுகளோடு அப்படியே மாட்டினால் பத்மினிக்குப் பெட்ரோல் அதிகம். சிறிய எஞ்சினுக்கு, இரண்டாவது தொண்டையை வேக்குவத்தால் (எஞ்சின் காற்றை இழுக்கும் உறிஞ்சலால்) திறக்கிற வகை இன்னும் பொருத்தம். எஞ்சின் காற்று கேட்டால் மட்டுமே அது திறக்கும், அவசரக் காலுக்கும் ஈடுகொடுக்கும்.

புதுப்பேட்டையில் பழைய கார்களிலிருந்து கழற்றிய இரட்டைத் தொண்டை கார்புரேட்டரைத் தேடிப் பிடிக்கலாம். சோலனாய்டு (ஐடிலிங் பெட்ரோலைத் திறந்து மூடும் மின்வால்வு) உள்ளதாக இருந்தால் 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள், 'டிக்' என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஐடிலிங்கில் எஞ்சின் அணைந்துவிடும். கார்புரேட்டர் உட்காரும் இடத்தில் ஒரே ஓட்டைதான் என்பதால் லேத்தில் அடாப்டர் பிளேட் கடைய வேண்டும். அதன் உள்விளிம்பு படிபோல நிற்காமல் சாய்வாக இறங்கட்டும், இல்லையென்றால் அங்கே பெட்ரோல் தேங்கும். பானெட் மூடுகிறதா என்பதையும் பிளேட் கடைவதற்கு முன்பே அளந்துவிடுங்கள்.

சரி, இருக்கிற சோலெக்ஸ்? பெரும்பாலானவர்களுக்கு என் பதில் அதுதான். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சுழலும் த்ராட்டில் ஷாஃப்டை விரலால் ஆட்டிப் பாருங்கள், லொடலொடவென்றால் அந்த இடைவெளியில் காற்று புகுகிறது. ஐடிலிங்கில் அடி கேஸ்கட்டைச் சுற்றிக் கார்ப் கிளீனர் அடிக்கும்போது எஞ்சின் சத்தம் மாறினால் அங்கேயும் கசிவு. ஷாஃப்டுக்குப் புது புஷ், கேஸ்கட், நீடில் வால்வு போட்டாலே தொலைந்துபோன பிக்கப்பில் பெரும்பகுதி திரும்பிவிடும். சென்னை வெயிலில் நிறுத்திய வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால், எஞ்சின் சூடு கார்புரேட்டருக்கு ஏறாமல் தடுக்க அடியில் இருக்கும் பேக்லைட் ஸ்பேசரில் விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த வழியில் போனாலும் எத்தனால் கலந்த பெட்ரோல் கலவையை லீனாக்கும் (காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் செய்யும்), பழைய ரப்பர் ஹோஸையும் அரிக்கும். ஆகவே மெயின் ஜெட் ஒரு படி பெரிதும், எத்தனால் தாங்கும் ஹோஸும் வாங்கிக்கொள்ளுங்கள். சைலன்சர் பைப் பழையதாகவே இருந்தால், வெபர் தரும் கூடுதல் காற்றின் முழுப் பலன் கிடைக்காமல் போகலாம். அந்தச் செலவையும் சேர்த்துப் போட்டுப் பார்த்த பிறகு அடாப்டர் பிளேட்டுக்கு ஆர்டர் கொடுங்கள்.