டேங்குக்குள் கார் ஹோஸ்: ஃப்ளாப் டியூப் மாற்றக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

டேங்கில் எட்டு கேலன் பெட்ரோல் இருந்தது. எஞ்சினுக்கு ஒரு சொட்டும் போய்ச் சேரவில்லை.

போன அக்டோபரில், டெக்சாஸில், 4,500 அடி உயரத்தில் நடந்தது இது. என் ஆர்வி-8ஐ (கிட்டாக வாங்கிச் சொந்தமாகக் கட்டும் இரண்டு இருக்கை விமானம்) கவிழ்த்து, சில விநாடிகள் தலைகீழாக ஓட்டிவிட்டு நிமிர்த்தினேன். தலைகீழாக இருந்தவரை எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. நிமிர்ந்து பத்து விநாடி போயிருக்கும், 25 பிஎஸ்ஐயில் நின்றிருந்த எரிபொருள் அழுத்தம் மளமளவென்று இறங்கியது. எஞ்சின் இரண்டு முறை இருமியது, அப்புறம் காற்றின் இரைச்சல் மட்டும்தான். செலெக்டரை இடது டேங்கிலிருந்து வலதுக்குத் திருப்பி, எரிபொருளைத் தள்ளும் துணைப் பம்பான பூஸ்ட் பம்பைப் போட்டேன். எஞ்சின் மறுபடி பிடிக்கும்வரை மூச்சுவிட்டேனா என்றே நினைவில்லை. நேராக வந்து இறங்கிவிட்டேன்.

இதற்குக் காரணம், ஐந்து மாதம் முன்பு ஒரு பட்டறைக்கு நான் காசு கொடுத்துச் செய்துகொண்ட வேலை.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண விமான டேங்கில் எரிபொருளை உறிஞ்சும் குழாய் அடியில் அசையாமல் நிற்கும். விமானம் கவிழ்ந்தால் பெட்ரோல் மேல்பக்கத்துக்குப் போய்விடும், குழாய் காற்றைக் குடிக்கும். தலைகீழாகவும் பறக்க நினைப்பவர்கள் அதற்காக ‘ஃப்ளாப் டியூப்’ வைக்கிறார்கள். இறக்கையின் பின்விளிம்பில் இறங்கி ஏறும் ஃப்ளாப் வேறு, இது வேறு. வளையும் ஹோஸ், அதன் நுனியில் கனமான உலோக உறிஞ்சி, அவ்வளவுதான். பெட்ரோல் எந்தப் பக்கம் சாய்கிறதோ நுனியும் அந்தப் பக்கம் விழும். இளநீரில் கடைசி மடக்கைக் குடிக்கக் காயைச் சாய்த்து ஸ்ட்ராவையும் கூடவே நகர்த்துகிறோமே, அதே வேலை. ரிமோட் விமானம் பறக்கவிடுபவர்களின் குட்டி டேங்கிலும் இதுதான் இருக்கிறது.

ஆர்வி-8இல் இறக்கைக்கு ஒன்றாக இரண்டு டேங்க், ஒவ்வொன்றும் 21 கேலன். இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் எடுக்க முடியாது. இடது, இல்லையென்றால் வலது. கட்டுகிறவர்கள் பலர் ஃப்ளாப் டியூபை இடது டேங்கில் மட்டும் வைத்து, வலதில் அசையாத குழாயையே விட்டுவிடுவார்கள். என் விமானத்தைக் கட்டியவரும் அப்படித்தான் செய்திருந்தார். அந்த மனிதருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

அவர் 2006இல் போட்ட ஹோஸ் பழசாகிவிட்டது. ரப்பர் வருடக்கணக்கில் பெட்ரோலில் ஊறினால் விறைத்துப்போகும். விறைத்த ஹோஸ், நுனியின் எடைக்கு வளைந்து கொடுக்காது. அதனால்தான் மாற்றக் கொடுத்தேன். இது சின்ன வேலை இல்லை. அந்த ஹோஸுக்குப் போகும் மூடி, விமானத்தின் உடலைப் பார்த்தபடி டேங்கின் உள்பக்க முனையில் இருக்கிறது. டேங்கையே இறக்கையிலிருந்து கழற்ற வேண்டும், கசியாமல் ஒட்டியிருக்கும் பாலிசல்ஃபைடு சீலன்ட்டைச் சுரண்டி மூடியைத் திறக்க வேண்டும், திரும்ப அடைத்துக் காயவிட்டுக் கசிவு பார்க்க வேண்டும். பில்லில் 14 மணி நேரக் கூலி, அதோடு ‘ஏவியேஷன் ஹோஸ் அசெம்ப்ளி’ ஒன்று என்று எழுதியிருந்தார்கள். மொத்தம் 1,900 டாலருக்குக் கொஞ்சம் கூட. விமானத்தில் செய்த வேலைகளைக் குறிக்கும் லாக் புத்தகத்தில் ‘இடது டேங்க் ஃப்ளாப் டியூப் ஹோஸ் மாற்றப்பட்டது’ என்று ஒரே வரி. பார்ட் நம்பர் இல்லை. அப்போதே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

முதல் அறிகுறி 25 மணி நேரம் பறந்தபின் ஃபில்டரைத் திறந்தபோது வந்தது. மிளகுத்தூள் போலக் கறுப்புத் துகள். பட்டறையைக் கூப்பிட்டேன். “அது சீலன்ட் துணுக்கு, டேங்க் திறந்தால் வரும், இரண்டு தடவை கழுவினால் நின்றுவிடும்” என்றார்கள். சீலன்ட்டும் கருஞ்சாம்பல் நிறம் என்பதால் நம்பிவிட்டேன். அந்தத் துகளை விரலால் தேய்த்திருந்தாலே தெரிந்திருக்கும். காய்ந்த சீலன்ட் அழிரப்பர் போல நசுங்கி நிற்கும், கையில் ஒட்டாது. இது மைபோல அப்பிக்கொண்டது.

எஞ்சின் நின்ற அன்று மாலையே பக்கத்து ஹேங்கரில் இருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். எழுபது வயதைத் தாண்டியவர். அவரும் நானுமாக டேங்கைக் கழற்றி மூடியைத் திறந்தோம். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் என் கையில் டார்ச்சைக் கொடுத்தார். ஹோஸ் நுனி டேங்கின் மேல்பக்கத்தில், தகட்டுக்கு வலுவூட்டும் கோணச் சட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றது. கீழே விழவே இல்லை. பெட்ரோல் அடியில், உறிஞ்சி மேலே.

வெளியே எடுத்தோம். மேல்தோல் உப்பி, தொட்ட இடத்தில் உரிந்து வந்தது. பாதி அழிந்த எழுத்தில் ‘எஸ்ஏஇ 30ஆர்7’ என்று படிக்க முடிந்தது. கார் உதிரிபாகக் கடையில் அடிக்கணக்கில் வெட்டிக் கொடுக்கும் ஹோஸ் அது. உள்ளே பெட்ரோல் ஓடும், வெளியே காற்று இருக்கும் என்ற கணக்கில் செய்தது. பெட்ரோலுக்குள் மூழ்கிக் கிடப்பதற்கு அதன் வெளித்தோல் தாங்காது. காரிலேயேகூட டேங்குக்குள் போட 30ஆர்10 என்று தனி ரகம் இருக்கிறது. ஒரு முனையில் திருகு இறுக்கும் சாதாரண கிளாம்ப் போட்டிருந்தார்கள், அதுவும் தளர்ந்திருந்தது.

நீளமும் தப்பு. பழைய ஹோஸை நான் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் புதியது ஒன்றரை அங்குலம் கூடுதல். கேட்பதற்கு ஒன்றுமே இல்லை போலத்தான் இருக்கும். ஆனால் ஃப்ளாப் டியூபுக்கு நீளம்தான் உயிர். டேங்கின் அடிமூலையையும் மேல்மூலையையும் எட்ட வேண்டும், அதற்குமேல் ஓர் இம்மியும் கூடாது. கூடினால் நுனி போகக்கூடாத சந்துக்குள் போய் மாட்டும். குறைந்தால் கடைசி சில கேலன்கள் எட்டாது.

பட்டறைக்காரரிடம் படங்களோடு போனேன். அவர் மறுக்கவில்லை. “இது எக்ஸ்பெரிமெண்டல் விமானம், நாங்கள் எந்த விதியையும் மீறவில்லை” என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் இன்னும் எனக்கு எரிகிறது. அமெரிக்காவில் எக்ஸ்பெரிமெண்டல் வகையில் வரும், சொந்தமாகக் கட்டிய விமானங்களுக்கு, விமானத் துறையின் அரசு அமைப்பான எஃப்ஏஏயின் பராமரிப்பு விதித் தொகுப்பான பார்ட் 43 பொருந்தாது என்பது உண்மை. 12 மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் கண்டிஷன் இன்ஸ்பெக்‌ஷனுக்குத்தான் உரிமம் பெற்ற மெக்கானிக்கோ, அதற்கான ரிப்பேர்மேன் சான்றிதழ் வாங்கியவரோ கையெழுத்துப் போட வேண்டும். மற்ற வேலைகளை யாரும் செய்யலாம். ஆனால் ‘ஏவியேஷன் ஹோஸ்’ என்று பில் போட்டுவிட்டுக் கார் ஹோஸை மாட்டுவதற்கு அந்தச் சலுகை எப்படி மறைப்பாகும்? ஹோஸுக்கு வாங்கிய பணம் மட்டும் வங்கி மூலம் சண்டை போட்டபின் திரும்பி வந்தது. கூலி வரவில்லை.

பக்கத்து ஹேங்கர் பெரியவர் கிட் நிறுவனத்திலிருந்தே முழு அசெம்ப்ளியை வரவழைத்தார். டேங்கைத் திரும்பப் பொருத்தும் முன், நுனி மேலும் கீழும் எங்கும் தட்டாமல் விழுகிறதா என்று டேங்கைக் கையில் தூக்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம். மூடியை அடைத்து, சீலன்ட் காய நாலு நாள் விட்டு, டேங்குக்குள் காற்று போய்வரும் வென்ட் குழாயில் ஒரு பலூனை மாட்டிக் காற்றடைத்து ஒரு ராத்திரி முழுக்க வைத்தார். காலையில் பலூன் அப்படியே நின்றது.

உங்கள் விமானத்தில் ஃப்ளாப் டியூப் இருந்து, அதை நீங்களே கண்ணால் பார்த்து மூடவில்லை என்றால், லாக் புத்தகத்தில் பார்ட் நம்பர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஃபில்டரில் கறுப்பாக ஏதாவது வந்தால் வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். பிறகு அந்த டேங்கில் கொஞ்சம் மட்டும் பெட்ரோல் விட்டு, இறக்கை நுனியைப் பிடித்து ஆட்டுங்கள். என் விமானத்தில் இப்போது ‘டொக்’கென்று நுனி விழுகிற சத்தம் கேட்கிறது. பட்டறையிலிருந்து வந்த அந்த ஐந்து மாதமும் அது கேட்டதே இல்லை, டேங்க் நிறைய இருப்பதால்தான் என்று விட்டுவிட்டேன். உங்களுக்கும் கேட்கவில்லை என்றால் திறந்து பார்க்கும்வரை கவிழ்க்காதீர்கள், அந்த டேங்கில் செலெக்டரை வைத்துக் கிளம்பவும் கிளம்பாதீர்கள்.