இருவர் மோதும் டெட்ரிஸ்: கேம் பாய் ஜோடியா, டியூப் டிவியும் என்இஎஸ்ஸுமா?

மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கி, வரி நிரம்பினால் அழியும் ஆட்டம் டெட்ரிஸ். 1989-இல் நிண்டெண்டோ ஒரே பெயரில் இரண்டு டெட்ரிஸ்களை வெளியிட்டது. ஒன்று கையடக்க கேம் பாயில், மற்றது டிவியில் மாட்டி ஆடும் என்இஎஸ்ஸில். கோலாலம்பூரில் இன்று இரண்டு பேர் நேருக்கு நேர் மோத ஒரு பழைய செட் சேர்க்க நினைத்தால், கடைசியில் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

என் ஓட்டு கேம் பாய் ஜோடிக்கு. ஆட்டத்தின் தரம் மட்டும் அதற்குக் காரணமல்ல. நம் ஊர்ப் புழுக்கத்தில் எதை நம் கையாலேயே பழுதுபார்த்து ஓட வைக்க முடியும் என்பதுதான் முக்கியம்.

முதலில் என்இஎஸ்ஸின் பெருமை. 2010 முதல் அமெரிக்காவில் நடக்கும் கிளாசிக் டெட்ரிஸ் உலகப் போட்டி இந்தப் பதிப்பில்தான் நடக்கிறது. 2023 டிசம்பரில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் 157-ஆம் லெவல் வரை போய் ஆட்டத்தையே உறைய வைத்ததும் இதில்தான். பதினெட்டாம் லெவலில் நான்கு வரியை ஒரே அடியில் அழித்தால் 22,800 புள்ளி. ஆழம் தேடுபவருக்கு இதற்கு இணை கிடையாது, அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் இந்தப் பதிப்பில் இருவர் ஆட்டமே இல்லை. மோத வேண்டுமென்றால் இரண்டு மெஷின், இரண்டு கேட்ரிட்ஜ் (ஆட்டம் அடங்கிய பெட்டி), இரண்டு பழைய டியூப் டிவி வைத்துப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து புள்ளியை ஒப்பிட வேண்டும். மெஷினை அப்படியே ஆடினால் இருவருக்கும் வரும் கட்டைகளும் வேறு வேறு. உங்களுக்கு நீளக்கட்டை வராத நேரத்தில் எதிராளிக்கு வரிசையாக வந்துகொண்டிருக்கும்.

அடுத்தது வேகம். மலேசியா 50 ஹெர்ட்ஸ் பால் (PAL) முறை டிவி நாடாக இருந்தது. போட்டியில் பேசப்படும் எண்களெல்லாம் 60 ஹெர்ட்ஸ் என்டிஎஸ்சி (NTSC, அமெரிக்க டிவி முறை) மெஷினுக்கானவை. அதில் பதினெட்டாம் லெவலில் மூன்று ஃபிரேமுக்கு (திரை மூன்று முறை மாறுவதற்கு) ஒரு வரி இறங்கும், அதாவது மேலிருந்து அடிவரை இருபது வரிக்கு ஒரு விநாடி. அதே கேட்ரிட்ஜை 50 ஹெர்ட்ஸ் குளோன் (நகல்) மெஷினில் போட்டால் 1.2 விநாடி ஆகும். பால் கேட்ரிட்ஜ் என்றால் நேர்மாறான தலைவலி: பத்தொன்பதாம் லெவலிலேயே ஃபிரேமுக்கு ஒரு வரி, 0.4 விநாடியில் கட்டை அடியில் இருக்கும். என்டிஎஸ்சியில் அந்த நிலை 29-ஆம் லெவலில்தான் வரும். எந்த மெஷினில் எடுத்த புள்ளி என்று சொல்லாமல் ஒப்பிடவே முடியாது.

வாங்கும்போது இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. என்இஎஸ்ஸின் ஜப்பானிய வடிவமான ஃபேமிகாமில் கிடைக்கும் 1988-ஆம் ஆண்டு டெட்ரிஸ் வேறு நிறுவனத்தின் வேறு ஆட்டம். அதில் கீழ் அம்பை அழுத்தினால் கட்டை இறங்காது, திரும்பும். அமெரிக்க என்இஎஸ்ஸின் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது, நம் 240 வோல்ட்டில் நேரே சொருகினால் புகைதான். அந்த அடாப்டர் ஏசி மின்சாரம் தருவது, ஃபேமிகாம் டிசி கேட்பது. மாற்றி மாட்டினால் ஃபேமிகாம் அதோடு சரி.

கேம் பாயில் இந்தத் தொல்லை எதுவுமில்லை. உலகம் முழுக்க ஒரே வேகம், நான்கு ஏஏ பேட்டரி, ஒரு இணைப்புக் கேபிள். இருவருக்கும் ஒரே வரிசையில் கட்டைகள் வரும். இரண்டு வரி அழித்தால் எதிராளியின் களத்தில் அடியிலிருந்து ஒரு குப்பை வரி ஏறும், மூன்றுக்கு இரண்டு, நான்குக்கு நான்கு. யார் முதலில் முப்பது வரி அழிக்கிறாரோ, அல்லது யாருடைய எதிராளி மேலே முட்டித் தோற்கிறாரோ, அவருக்கு வெற்றி. இதனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணக்கு ஓடும்: நீளக்கட்டைக்குக் காத்திருந்து நான்காக அனுப்புவதா, சின்னச் சின்னதாக அழித்து முப்பதை எட்டுவதா? திறமை குறைந்தவருக்கு, ஆட்டம் தொடங்கும்போதே அடியில் கிடக்கும் குப்பையின் உயரத்தைக் குறைத்துக் கொடுக்கலாம். களம் பதினெட்டு வரிதான். கட்டையைப் பக்கவாட்டில் நகர்த்துவதும் என்இஎஸ்ஸை விட மந்தம். அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி பராமரிப்பு. டியூப் டிவியில் படம் சுருங்கினாலோ விசில் சத்தம் வந்தாலோ நீங்கள் மூடியைக் கழற்றக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். உயிருக்கே ஆபத்து. 2019-இல் இங்கே அனலாக் ஒளிபரப்பு நின்றபின் டியூப் டிவிகள் குப்பைக்குப் போய்விட்டன. அவற்றைத் தொட்டுப் பழுதுபார்ப்பவர்களும் அருகிவிட்டார்கள். இரண்டு டிவி வைத்திருப்பவருக்கு இது இரட்டைக் கவலை.

கேம் பாயில் வரும் பழுதுகள் பெரும்பாலும் நான்கே. ஒன்று, பேட்டரி கசிந்து பச்சை பூத்த முனைகள். பஞ்சுக் குச்சியில் வெள்ளை வினிகர் தொட்டுத் தேய்த்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து முழுக்க உலர விடுங்கள். உலராமல் பேட்டரி போட்டால் துரு மறுபடி வரும். இரண்டு, சுவிட்சைத் தொட்டாலே திரை மினுக்குவது. சுவிட்சுக்குள் ஆல்கஹால் ஓரிரு துளி விட்டு இருபது முறை முன்னும் பின்னும் தள்ளினால் சரியாகும்.

மூன்றாவதுதான் எல்லாரையும் பயமுறுத்துவது: திரையில் செங்குத்தாகச் சில கோடுகள் காணாமல் போவது. கண்ணாடியின் கீழ் விளிம்பில் ஒட்டியிருக்கும் ரிப்பன் (மெல்லிய இணைப்புப் பட்டை) விடுவதால் இது வருகிறது. வெளிக்கூட்டின் ஆறு ஆணிகளுக்கு மூன்று கிளை ஸ்குரூடிரைவர் வேண்டும். திறந்து, திரையின் அடியிலுள்ள ரப்பர் பட்டையை விலக்கி, மெஷினை ஓடவிட்டபடியே குறைந்த சூட்டில் சால்டரிங் அயர்ன் முனையை ரிப்பன் மீது மெல்ல இழுங்கள். கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்புவது கண்ணெதிரே தெரியும். ஒரே இடத்தில் நிறுத்தினால் ரிப்பன் பொசுங்கிவிடும். கிடைக்கோடுகள் போயிருந்தால் கதை வேறு, அதைச் சரிசெய்வது கடினம். அப்படிப்பட்ட மெஷினை விட்டுவிடுங்கள்.

நான்காவது, புழுக்கத்தில் திரைக்குள் கரும்படலம் படர்வது. திரையில் ஒட்டியிருக்கும் போலரைசர் (ஒளியை வடிகட்டும்) தாளை உரித்து மாற்ற வேண்டும், பொறுமை தேவைப்படும் வேலை. சிலர் ஐபிஎஸ் என்ற நவீன வகைத் திரையே மாற்றிவிடுகிறார்கள். படம் பளிச்சென்று இருக்கும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். அந்தத் திரைகள் பத்து வருடம் தாங்குமா என்று இப்போதே அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஆடாத நாள்களில் பேட்டரியைக் கழற்றி, கேமரா வைக்கும் ஈரமில்லாப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். டெட்ரிஸ் கேட்ரிட்ஜுக்குள் பேட்டரி கிடையாது, அதனால் அங்கே செத்துப்போக ஒன்றுமில்லை.

பெட்டாலிங் ஜெயாவிலுள்ள அம்கார்ப் மாலின் வார இறுதிப் பழைய சாமான் சந்தையில் வாங்குவதானால், எட்டு பேட்டரி கையோடு கொண்டு போங்கள். பழைய கேம் பாயின் கேபிள் வாய் பெரிது, பின்னால் வந்த பாக்கெட், கலர் மாடல்களின் வாய் சிறிது, கலந்து வாங்கினால் அதற்கேற்ற கேபிள் வேண்டும். கேம் பாய் அட்வான்ஸில் இந்தப் பழைய ஆட்டத்தை இணைத்து ஆடவும் கலர் மாடலின் கேபிள்தான் சரி, அட்வான்ஸின் சொந்தக் கேபிள் உதவாது. இரண்டையும் இணைத்து இருவர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் அழுத்துங்கள். அடுத்த திரைக்கே போகவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். அதன் பிறகும் போகவில்லை என்றால் போர்ட்டில் பழுது இருக்கலாம், விலை பேசாமல் நகர்ந்துவிடுங்கள்.