த்ரெட்டா, ப்ராசஸா? வேறு வைத்த கதை

காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டுப் பழைய பேரேடுகளை ஸ்கேன் செய்து கொடுக்கும் வேலை. டிஃப் (TIFF) வகைப் படங்களைக் கோணல் நிமிர்த்திச் சுருக்கும் பைத்தான் நிரலை முதலில் த்ரெட்டில்தான் (ஒரே நிரலுக்குள், ஒரே மெமரியைப் பகிர்ந்து ஓடும் வேலை இழைகள்) எழுதினேன். இப்போது ப்ராசஸுக்கு (தனக்கென்று தனி மெமரியோடு ஓடும் நிரல்) மாறிவிட்டேன். அந்தப் பக்கம் சாய்ந்துதான் பேசுவேன்.

வேகத்துக்காக மாறவில்லை. பைத்தானின் ஜிஐஎல் பூட்டு ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டைத்தான் ஓடவிடும் என்பது தெரிந்த சங்கதி. ஆனால் படங்களைக் கையாளும் சி நூலகங்கள் (சி மொழியில் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்புகள்) பலவும் கனமான வேலையின்போது அந்தப் பூட்டை விட்டுவிடும். எனக்கு த்ரெட்டும் சுறுசுறுப்பாகவே ஓடியது.

எங்கள் பக்கம் மகனுக்குக் கல்யாணமானால் வேறு வைப்பார்கள். முகப்பும் வளவும் பொது. அடுப்பும் அரிசி பருப்புக் கணக்கும் தனி. ப்ராசஸ் அப்படித்தான். த்ரெட் என்றால் எல்லோருக்கும் ஒரே அடுப்பு, ஒரே உலை.

ஒரு ராத்திரி அந்த உலையில் கல் விழுந்தது. கெட்டுப்போன ஒரே ஒரு டிஃப், சி நூலகத்துக்குள் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத மெமரியைத் தொட்டுவிடும் பிழை). பைத்தானில் பிழைகளைப் பிடிக்கும் ட்ரை-எக்செப்ட் அதைப் பிடிக்காது; லினக்ஸ் மொத்த ப்ராசஸையும் முடித்துவிடும். எட்டு த்ரெட்டும் ஒன்றாகப் போயின. எது முடிந்தது, எது பாதியில் நின்றது என்று தேடவே மறுநாள் காலை முழுக்கச் சரியாய்ப் போனது.

இப்போது ஒரு கட்டுப் பேரேட்டுக்கு ஒரு ப்ராசஸ். எக்ஸிட்கோட் (ப்ராசஸ் முடியும்போது தரும் எண்) -11 என்று வந்தால் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் செத்தது என்று அர்த்தம்; அந்தக் கட்டை மட்டும் ஒதுக்கி வைக்கிறேன், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். ப்ராசஸ்களைக் கூட்டமாக நடத்தித் தரும் பைத்தானின் ப்ராசஸ்பூல்எக்ஸிக்யூட்டரை நம்பி இதில் இறங்காதீர்கள். ஒரு வேலையாள் இப்படிச் செத்தாலே பூல் முழுக்க உடைந்ததாகச் சொல்லிக் கையை விரித்துவிடும். தனித்தனி ப்ராசஸாக நாமே தொடங்கி, நாமே பார்த்துக்கொள்வதுதான் சரி. இன்னொரு சௌகரியம்: நூலகம் மெமரியை ஒழுகவிட்டாலும், ப்ராசஸ் முடிந்ததும் அத்தனையும் திரும்பி வந்துவிடும்.

வேறு வைத்தால் பாத்திரச் செலவு கூடும்தானே. ஒவ்வொரு ப்ராசஸும் தன் பங்குக்கு நூலகங்களை ஏற்றுவதால், என் 8 ஜிபி லேப்டாப்பில் நாலுக்கு மேல் தாங்கவில்லை. படத்தையே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினால் பிக்கிள் செய்தே (அனுப்பத் தோதான பைட்டுகளாக மாற்றியே) நேரம் போகும்; நான் கோப்பின் பாதையை மட்டும் அனுப்புகிறேன்.

2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13-இல் ஜிஐஎல் இல்லாத சோதனைப் பதிப்பும் உண்டு. ஒரு சாயங்காலம் ஓட்டிப் பார்த்ததோடு சரி, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். சொன்னாலும், செக்மென்டேஷன் ஃபால்ட் அங்கேயும் எல்லா த்ரெட்டையும் சேர்த்துத்தான் கொண்டுபோகும். முடிந்த படங்களை இணையத்தில் ஏற்றும் வேலையை மட்டும் இன்றும் த்ரெட்டிடமே விட்டிருக்கிறேன்; அங்கே நெட்டுக்காகக் காத்திருப்பதுதான் பாதி வேலை.