எவோவுக்குப் பெரிய இன்ஜெக்டர்: பாவித்த ஜப்பான் செட்டா, புதிய 1000 சிசியா?

என் கார் 2001ஆம் ஆண்டு லான்சர் எவொலூஷன் 7. இன்ஜெக்டர் என்பது இன்ஜினுக்குப் பெற்றோல் பாய்ச்சும் முனை; அது நிமிடத்துக்கு எவ்வளவு பாய்ச்சும் என்பதுதான் இங்கே சொல்லும் சிசி. கம்பனி போட்டு அனுப்பிய 560 சிசி இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு, முதலில் ஜப்பானில் இருந்து வந்த பாவித்த 680 சிசி செட் ஒன்றைப் போட்டேன். பிறகு அதையும் கழற்றி, பொஷ் கம்பனியின் ஈவி14 என்ற இன்ஜெக்டர் உடலில் செய்த புதிய 1000 சிசி செட்டுக்கு மாறினேன். இரண்டையும் இதே இன்ஜினில், இதே திருகோணமலையில் ஓட்டிப் பார்த்தவன் என்பதால்தான் எழுதுகிறேன். நான் புதிய செட்டின் பக்கம். அது கூடுதல் குதிரைவலு தந்ததால் அல்ல. நாலு இன்ஜெக்டரும் ஒரே அளவாகப் பாய்ச்சுவதை இந்த ஊரில் இருந்துகொண்டு காப்பாற்றுவது எதில் சுலபம் என்று பார்த்தால், அது ஒன்றே போதும் முடிவெடுக்க.

முதலில் கணக்கு. டர்போ பெற்றோல் இன்ஜின் ஒன்று முழு வலுவில் ஓடும்போது, ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு ஏறக்குறைய 270 கிராம் பெற்றோல் குடிக்கும். 350 குதிரைவலு வேண்டுமென்றால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் நிமிடத்துக்கு 530 சிசி போய்ச் சேர வேண்டும். இன்ஜெக்டரை நூறு வீதமும் திறந்தே வைத்திருக்க முடியாது. 85 வீதத்தில் நிறுத்துவதுதான் வழக்கம். ஆக 630 சிசி தேவை. இதே கணக்கில் பழைய 560 சிசி 310 குதிரைவலு வரைக்கும் தாங்கும். எக்ஸோஸ்ட் மாற்றி, பூஸ்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை, கொஞ்சம் ஏற்றினாலே அந்த எல்லை வந்துவிடும். இன்ஜெக்டர் தானாக வலுவைக் கூட்டாது. கூட வருகிற காற்றுக்குப் பெற்றோல் போதாமல் போவதைத் தடுக்கும், அவ்வளவுதான். தொட்டிக்குள் இருக்கும் பம்பும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். நான் மணிக்கு 255 லீற்றர் தள்ளும் வால்ப்ரோ பம்பை முன்னரே போட்டிருந்தேன்.

இன்ஜெக்டரை மாற்றாமல் பெற்றோல் அழுத்தத்தை மட்டும் ஏற்றும் வழியும் இருக்கிறது. 3 பாரை 4 பார் ஆக்கினால் பாய்ச்சல் இரட்டிக்காது. வர்க்கமூலக் கணக்கில்தான் கூடும், அதாவது 15 வீதம். 560 சிசி 645 ஆகும். தாளில் பார்த்தால் போதும்தான். ஆனால் பூஸ்ட் ஏறும் அளவுக்குப் பெற்றோல் அழுத்தமும் ஏறும் என்பதால், 1.5 பார் பூஸ்டில் இன்ஜெக்டர்களுக்குப் பெற்றோல் கொடுக்கும் ரெயில் குழாயில் 5.5 பார் நிற்கும். அந்த அழுத்தத்தில் பம்பின் பாய்ச்சல் குறையும், மின்சாரம் கூட இழுக்கும், இருபது வருடத்துக்கு மேலான ரப்பர் ஹோஸும் அதைத் தாங்க வேண்டும். எனக்கு அது சரிவரவில்லை, விட்டுவிட்டேன்.

பாவித்த ஜப்பான் செட்டுக்குள்ள நல்ல பக்கங்களை மறைக்க மாட்டேன். விலை குறைவு, புதியதற்கு நான் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. கம்பனி இன்ஜெக்டரைப் போலவே மின்தடை குறைந்த வகை என்பதால், மின்னோட்டத்தை மட்டுப்படுத்த எவோவில் இருக்கும் ரெசிஸ்டர் பெட்டியோடு அப்படியே வேலை செய்யும். உயரமும் சொக்கட்டும் பொருந்தும். காலையில் தொடங்கினால் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். முதல் இரண்டு வருடமும் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அப்புறம் 2022 பெற்றோல் தட்டுப்பாடு வந்தது. கியூஆர் கோட்டா தொடங்கியபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான். அதற்கு முந்திய மாதங்களில் வரிசையில் நின்றும் கிடைக்கவில்லை. வீட்டுத் தேவைக்கு வேறு வாகனம் இருந்ததால் எவோவைக் கொட்டிலில் நிறுத்திவிட்டேன். தொட்டியில் கால்வாசி பெற்றோல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்தத் தகரக் கொட்டிலுக்குள் கை வைக்க முடியாத சூடு. பிறகு வாடைக்காற்றும் மழையும். உப்புவெளியில் கடலில் இருந்து எங்கள் வீட்டுக்கு அரைக் கிலோமீற்றர்கூட இல்லை.

நின்ற பெற்றோலில் இலேசான பகுதி ஆவியாகி, மிச்சம் பிசினாகும். பாதி வெறுமையான தொட்டி ஈரக்காற்றை இழுத்து உள்ளே நீர்த்துளி சேர்க்கும், இரும்புத் தொட்டி துருப்பிடிக்கும். பழைய வகை இன்ஜெக்டரில் ஊசி ஒன்று மேலெழுந்து, அதைச் சுற்றியுள்ள மெல்லிய வளைய இடைவெளியால் பெற்றோல் போகும். அந்த இடைவெளியில் பிசின் படிந்தால் கண்ணுக்குத் தெரியாது, பாய்ச்சல் மட்டும் குறையும்.

மறுபடி ஓடத் தொடங்கியபோது கார் நன்றாகத்தான் இருந்தது. புகையை வைத்து ஒரு பங்கு பெற்றோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று காட்டும் வைட்பாண்ட் மீட்டரில் (எண் கூடினால் பெற்றோல் குறைவு) முழு பூஸ்டில் 11.5 வர வேண்டிய இடத்தில் 11.7 காட்டியது. பயப்படும் அளவு இல்லை என்று நினைத்தேன். கராஜில் பாஸ்தான் கேட்டார்: "தம்பி, மீட்டரை விடுங்க. நாலு பிளக்கையும் கழற்றி வரிசையா வைங்க பாப்பம்." மூன்று பிளக்கும் ஒரே நிறம். மூன்றாம் சிலிண்டருடையது மட்டும் வெளுத்து, பீங்கானில் மிளகுத்தூள் தூவினதுபோல் புள்ளிகள். அந்தச் சிலிண்டர் தட்டத் தொடங்கியிருந்தது, அதாவது உள்ளே கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிக்கத் தொடங்கியிருந்தது.

பாய்ச்சல் அளக்கும் பெஞ்சில் போட்டபோது அந்த ஒரு இன்ஜெக்டர் மற்றவற்றைவிட 7 வீதம் குறைவாகப் பாய்ச்சியது. கணக்கைப் பாருங்கள். மூன்று சிலிண்டர் 11.5, ஒன்று 12.4. நாலின் புகையும் டர்போவில் கலந்து வந்த பிறகுதான் மீட்டர் முகர்கிறது, அதனால் அது 11.7 என்கிறது. மீட்டர் பொய் சொல்லவில்லை, சராசரியைச் சொல்கிறது. பிஸ்டன் உடைவதோ சராசரியில் அல்ல, அந்த ஒரு சிலிண்டரில். இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் ரிங் உட்காரும் விளிம்பு போயிருக்கும், இன்ஜினைப் பிரிக்க வேண்டி வந்திருக்கும். இன்ஜெக்டர் பெரிதாகி வலுவும் கூடும்போது இந்த 7 வீதத்துக்கான இடம் சுருங்கிக்கொண்டே போகும்.

கொழும்பில் இருப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. கழற்றினால் அடுத்த நாளே அல்ட்ராசோனிக்கில் கழுவி, பாய்ச்சல் அளந்து கொடுப்பார்கள். இங்கே படகுக்கும் லொறிக்கும் டீசல் இன்ஜெக்டர் பார்க்கும் பம்ப் ரூம் இருக்கிறது. அது நூறு பாருக்கு மேலே நொசில் எப்போது திறக்கிறது என்று பார்க்கும் வேலை. 3 பாரில் நாலு பெற்றோல் இன்ஜெக்டரைக் கண்ணாடிக் குழாயில் பக்கம் பக்கமாக ஒப்பிட அது உதவாது. அதனால் என் இன்ஜெக்டர்கள் இரவு பஸ்ஸில் 260 கிலோமீற்றர் போய், ஒரு கிழமை கழித்துத் திரும்பி வந்தன. அடுத்த மாரிக்குப் பிறகு அளந்தபோது மறுபடி 4 வீத வித்தியாசம். ஒவ்வொரு முறையும் புது ஓ-ரிங், புது வடிகட்டிக் கூடை, போக்குவரத்துச் செலவு, கார் நிற்கும் நாட்கள். மலிவாக வாங்கினது மூன்றாவது பயணத்தோடு மலிவாக இல்லாமல் போனது.

புதிய செட் வந்தபோது பெட்டிக்குள் நாலின் பாய்ச்சல் அளவும் அச்சடித்து இருந்தது. ஒன்றுக்கொன்று 1 வீதத்துக்குள். உள்ளே துருப்பிடிக்காத உருக்கு. ஊசிக்குப் பதிலாகப் பல நுண்துளைகள் உள்ள தட்டு. பொருத்துவது மட்டும் கூடுதல் வேலை. உடல் கட்டை என்பதால் தலைப்பக்கம் அடப்டர் வேண்டும், சொக்கட் மாற்ற வேண்டும், மின்தடை கூடிய வகை என்பதால் ரெசிஸ்டர் பெட்டியைத் தவிர்த்து வயரை நேராக இணைக்க வேண்டும். இதில் எனக்கு இன்னொரு நிம்மதியும் கிடைத்தது, அந்தப் பெட்டியின் சொக்கட் ஊசிகளில் உப்புக்காற்றால் பச்சை பூத்திருந்தது. எந்த செட் போட்டாலும் ஓ-ரிங்குக்கு எண்ணெய் தடவி உட்கார வைத்து, ஸ்டார்ட் பண்ண முன் பம்பை மட்டும் ஓட விட்டு, நாலு இடத்திலும் கசிவு பாருங்கள். சூடான இன்ஜினுக்கு மேலே பெற்றோல் சொட்டினால் கார் போய்விடும்.

ஐடில் விஷயத்தில் பெரிய இன்ஜெக்டர் தொல்லை தரும் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். பாதி உண்மை. இன்ஜெக்டருக்கு மின்சாரம் போய்த் திறக்க எடுக்கும் நேரம் பற்றரி வோல்டோடு மாறும். எவோவின் ஈசியூவில், அதாவது இன்ஜினை நடத்தும் கம்பியூட்டரில், அதற்கென்று ஒரு அட்டவணை உண்டு. புதிய செட்டுக்கு அந்த எண்கள் வோல்ட்வாரியாகக் கிடைத்தன; ஈசியூஃபிளாஷ் என்ற மென்பொருளில் அப்படியே எழுதினோம். பழைய செட்டுக்கு ஊகித்துத்தான் எழுதினோம். 680ஆக இருந்தும், பஸ் நிலையத்தடியில் ஏசியோடு நிற்கும்போது வோல்ட் விழுந்தால் ஐடில் ஏறி இறங்கும். 1000 சிசியில் அது இல்லை. எண்கள் இல்லாமல் 1000 சிசி போட்டிருந்தால் கதை வேறு. ஐடிலில் அது உண்மையாகத் திறந்திருக்கும் நேரம் 1 மில்லிசெக்கனுக்கும் குறைவு, அதில் 0.1 பிழைத்தாலே பத்து வீதத்துக்கு மேல் கலவை மாறும். அதனால்தான் போலிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொஷ் என்று அச்சடித்து மிக மலிவாக வரும் செட்டில் அளவுத்தாளும் இராது, இருந்தாலும் நம்ப முடியாது. அதை வாங்குவதைவிட, பெஞ்சில் அளந்த பாவித்த ஜப்பான் செட் எவ்வளவோ மேல்.

புதிய செட்டோடு என் அனுபவம் இரண்டு மாரிகாலம்தான். பதினெட்டு மாதத்தில் ஒருமுறை கழற்றி அனுப்பி அளந்தேன். நாலும் 2 வீதத்துக்குள் நின்றன. ஆனால் புதிய செட் போட்ட அதே கிழமையில்தான் தொட்டியையும் இறக்கித் துருவெடுத்துக் கழுவினேன், வடிகட்டியும் புதிதாக்கினேன். இந்த நல்ல பெறுபேற்றில் எத்தனை பங்கு இன்ஜெக்டருடையது, எத்தனை பங்கு சுத்தமான தொட்டியுடையது என்று பிரிக்க முடியாது. பழைய செட்டுக்கே அந்தத் தொட்டி வேலையை முதலில் செய்திருந்தால் இன்னும் சில காலம் ஓடியிருக்கலாம். தினமும் ஓடும் கார், கிழமைக்கொருமுறை நிரம்பும் தொட்டி என்றால் பழைய செட்டை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் காருக்குத்தான் என் பேச்சு.

350 குதிரைவலுவுக்கு 1000 சிசி அதிகம், 750 போதும் என்பதும் சரி. எனக்கு முழு எண்களோடு கிடைத்தது 1000தான்.

விற்கும் நாளில் இங்கே வாங்க வருபவர் கம்பனி சாமானைத்தான் கேட்பார். அதனால் பழைய 560 நாலையும் கழுவி, இலேசாக எண்ணெய் விட்டு, மூடி போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறேன். ரெசிஸ்டர் பெட்டியையும் கழற்றவில்லை, ஊசிகளைத் துடைத்து கிரீஸ் தடவி அதன் இடத்திலேயே விட்டிருக்கிறேன்.