கில்ட் வார்ஸ் 2: கூட்டம் கூடினால் ஆதாயம்

பல்லாயிரம் பேர் ஒரே உலகில் உலவும் மாயாஜால இணைய விளையாட்டுகளில் புதிதாக நுழைபவருக்கு அரக்கர்களைவிடச் சக ஆட்டக்காரர்களே பெரும் தொல்லையாக இருப்பதுண்டு. பாதி உயிர் போகும்வரை நாம் அடித்துவைத்த மிருகத்தை இன்னொருவர் வந்து முடித்துவிட்டுப் போவதும், நாம் வெட்டப் போன செம்புப் பாறையை நமக்கு முன்னால் ஓடியவர் வெட்டிவிடுவதும் இவ்வகையின் பழைய ஆட்டங்களில் அன்றாட வழக்கம். 2012 ஆகஸ்டில் அரீனாநெட் நிறுவனம் வெளியிட்ட கில்ட் வார்ஸ் 2 அந்த வழக்கத்தை அடியோடு ஒழித்திருக்கிறது. அதன் தொடக்க லெவல்களை ஆடிப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு மேலோங்கி நிற்கும் எண்ணம் இதுதான்.

முதலில் காசு விஷயத்தைச் சொல்லிவிடலாம். மாதச் சந்தா என்பதே இதில் கிடையாது. 2015 முதல் அடிப்படை விளையாட்டு முழுவதும், அதாவது ஐந்து இனங்கள், எட்டுத் தொழில்கள் (போர்வீரன் போன்ற சண்டை வகைகள்), 80ஆவது லெவல் வரையிலான பயணம் ஆகிய அனைத்தும், இலவசமாகவே கிடைக்கின்றன. இலவசக் கணக்கில் இரண்டு கதாபாத்திரங்களை மட்டுமே வைத்துக்கொள்ள முடியும். சந்தையில் எல்லாப் பொருள்களையும் வாங்கவோ விற்கவோ முடியாது. ஆடிப் பார்த்து முடிவெடுக்க நினைப்பவருக்கு இவை பெரிய தடைகள் அல்ல.

மனித இனத்தைத் தேர்ந்தெடுப்பவர் சென்டார்கள் (பாதி மனிதன், பாதி குதிரை) சூறையாடும் ஷேமூர் என்ற சிற்றூரில் ஆட்டத்தைத் தொடங்கி, ஒரு பெரிய மண் பூதத்தோடு மோதி முடித்த பிறகு, குவீன்ஸ்டேல் என்னும் பச்சைப் பசேலென்ற வேளாண் நாட்டுக்குள் விடப்படுகிறார். அங்கே முதலில் கண்ணில் படுபவற்றுள் ஒன்று டையா என்ற பெண்ணின் பண்ணை. அவரைத் தேடிப் போய்ப் பேசி, வேலையை வாங்கிக்கொண்டு, முடித்துத் திரும்பி வந்து கணக்குக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. பண்ணைக்குள் காலடி வைத்ததும் திரையின் ஓரத்தில் என்னென்ன செய்யலாம் என்பது தெரிகிறது: சோளக் கொல்லைக்குத் தண்ணீர் ஊற்றலாம், மாடுகளுக்குத் தீவனம் போடலாம், மண்ணுக்கடியில் புழுக்கள் எழுப்பிய மேடுகளை மிதித்து நசுக்கலாம். எதைச் செய்தாலும் வரைபடத்தில் உள்ள இதயச் சின்னம் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்புகிறது. நிரம்பியதும் அதே டையா நமக்குப் பொருள் விற்கும் கடைக்காரராகிவிடுகிறார். வாளும் கவசமும் பூண்ட வீரன் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருப்பது வேடிக்கைதான், ஆனால் அலுக்கவில்லை.

இப்படி வேலை செய்துகொண்டிருக்கும்போதே அக்கம்பக்கத்தில் ஒரு தாக்குதலோ கொள்ளையோ தொடங்கும். வரைபடத்தில் ஆரஞ்சு நிற வட்டம் தோன்றும். வழியோடு போகிற எவரும் குழுவில் சேராமலே அதில் கலந்துகொள்ளலாம். கலந்துகொண்ட ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பரிசு உண்டு. ஆள் கூடக் கூட எதிரிகளின் எண்ணிக்கையும் வலுவும் கூடுகின்றன. தாதுப் பாறையும் மரமும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு என்பதால், பக்கத்தில் இருப்பவர் வெட்டியது நமக்குக் குறைவதில்லை.

உயிர் தீர்ந்து விழுகிறவர் உடனே இறந்துவிடுவதும் இல்லை. தரையில் கிடந்தபடியே கையில் கிடைத்ததை எறிந்து போராடலாம். தான் அடித்த எதிரி அந்நேரத்தில் செத்தால் எழுந்துவிடலாம். எந்தத் தொழிலைச் சேர்ந்தவரும் குனிந்து அவரைத் தூக்கிவிட முடியும், தூக்கிவிட்டவருக்கு அனுபவப் புள்ளியும் கிடைக்கும். முன்பின் தெரியாதவர்கள் ஓடிவந்து தூக்கிவிடுவதன் பின்னால் அந்தப் புள்ளியின் ஆசையும் இருக்கலாம். விழுந்து கிடப்பவருக்கு அதைப் பற்றி என்ன கவலை?

இந்த ஏற்பாடு முழுவதும் ஒருசேரப் பலன் தரும் இடம், குவீன்ஸ்டேலின் சதுப்பு நிலத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தலைகாட்டும் ஷேடோ பெஹெமத் என்ற பேருருவம். இடுப்புக்கு மேலே மட்டும் நிலத்திலிருந்து எழும் அதன் தோள்களே மரங்களை மறைக்கின்றன. நேரம் நெருங்கும்போது ஆட்டக்காரர்கள் தாமாகவே வந்து குவிகிறார்கள். 80ஆவது லெவலை எட்டியவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுடைய லெவல் அந்நிலத்துக்கேற்பத் தானாகக் குறைக்கப்படுவதால் ஒரே வீச்சில் கதையை முடித்துவிட முடியாது. ஊர் கூடித் தேர் இழுப்பது போன்ற காட்சி அது. வடத்தில் கை வைத்த புதியவருக்கும் பங்கு உண்டு.

சண்டை முறை பற்றியும் சொல்ல வேண்டும். முதல் ஐந்து திறன்களைக் கையில் உள்ள ஆயுதமே தீர்மானிக்கிறது. போர்வீரன் பெருவாளை வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தால் ஆட்டமே வேறாகிவிடும். எதிரி ஓங்கும்போது உருண்டு விலக வேண்டும், அதுவும் அடுத்தடுத்து இரண்டு முறைக்கு மேல் பொதுவாக முடியாது என்பதால், விரல் அவசரப்படக் கூடாது. தன்னைக் குணப்படுத்திக்கொள்ளும் திறன் எல்லாத் தொழில்களுக்கும் உண்டு; ஆகவே மருத்துவர் ஒருவர் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. நம் கதாபாத்திரத்தின் சொந்தக் கதை ஏறத்தாழப் பத்து லெவலுக்கு ஒரு பகுதியாகவே திறக்கிறது. அடுத்த பகுதி வருவதற்குள் முந்தையதில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்பது மறந்துவிடுகிறது. பை எப்போதும் குப்பையால் நிரம்பி வழிகிறது. கூட்டம் கூடும் சண்டைகளில் வண்ண வெடிப்புகளுக்கு நடுவே நம் ஆளையே தேட வேண்டியிருக்கிறது, சாதாரணக் கணினிகள் அப்போது திணறும். சர்வர்கள் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மட்டுமே உள்ளன. எனவே இந்தியாவிலிருந்து ஆடுபவர் உருண்டு விலகுவதை ஒரு கணம் முன்னதாகவே செய்யப் பழகிக்கொள்ள வேண்டும். என்ன வரும் என்று தெரியாத பெட்டிகளைத் திறக்கும் சாவிகளை விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் ஜெம் கடை காசுக்கு விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சிறுவர்கள் கையில் கணக்கைக் கொடுக்கும் பெற்றோர், கட்டண அட்டை விவரம் அதில் பதிவாகாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

விரிவாக்கப் பதிப்புகளை இப்போதே வாங்க வேண்டிய தேவை இல்லை. 2017இல் வந்த பாத் ஆஃப் ஃபயர் பதிப்போடு அறிமுகமான சவாரி விலங்குகளில் மற்றவர்கள் பறந்தும் தாவியும் கடந்து போகும்போது சற்றுப் பொறாமையாக இருக்கும், அவ்வளவே. இத்தனை விரிவாக்கங்கள் வந்த பின்னும் உச்ச லெவல் 80ஆகவே நிற்கிறது. வேலை நெருக்கடியில் மாதக்கணக்கில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தாலும், பாடுபட்டுச் சேர்த்த உயர்தரக் கவசம் செல்லாக்காசாகிவிடாது.