ஏ.ஐ. டூலுக்குக் காசு கட்டலாமா என்று மருமகன் கேட்டான்: ஒன்றரை வருஷ அனுபவம்

போன வாரம் என் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறி, மடியில் வைத்துக்கொண்டு பாண்டிக்குப் போனேன். ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்னால் வரி குறைவு என்று எதை வாங்கவும் அங்கே போய்ப் பழகிய கால். இப்போது அந்த லாபம் இல்லை, இருந்தாலும் ரிப்பேர் என்றால் ரெட்டிச்சாவடியைத் தாண்டித்தான் போகிறேன்.

கடைக்கார அண்ணன் மூடியைக் கழற்றி, ரேம் என்கிற இரண்டு மெமரிப் பட்டைகளையும் உருவி விளக்கில் காட்டிப் பார்த்தார்.

"வீடு கடல் பக்கமா?"

"தேவனாம்பட்டினம் ரோடு அண்ணே."

"அதான். உப்புக் காத்து தின்னுருக்கு பாருங்க."

ஸ்லாட்டில் செருகும் அந்தப் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்தார். இரண்டில் ஒன்று பிழைத்தது. இன்னொன்று புதுசு என்ன விலை என்று கேட்டேன். அவர் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, பிழைத்ததை மட்டும் மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இதே அளவு ரேமை நான் வாங்கியபோது கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டால் வயிறு எரிகிறது.

ஏன் இந்த விலை என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஏ.ஐ.க்காகக் கட்டும் டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகின்றன. 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த ரேம், எஸ்.எஸ்.டி. வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. அந்த ஏ.ஐ.க்கு மாதம் 20 டாலரும் அதன்மேல் வரியும் கட்டுகிறவர்களில் நானும் ஒருவன். பஸ்ஸில் திரும்பி வரும்போது இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி தங்கச்சி மகன் போன் செய்தான். பி.சி.ஏ. இரண்டாம் வருஷம். "மாமா, அந்த கோடிங் ஏ.ஐ.க்குக் காசு கட்டட்டுமா? க்ளாஸ்ல எல்லாரும் வச்சிருக்காங்க." போனில் எனக்குப் பதில் சரியாக வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை ஆரம்பித்துவிட்டால் இதைச் சொல்ல மனசு வராது.

எங்கள் வேலை மளிகைக்கடை, மருந்துக்கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர். 2009-இல் யாரோ வி.பி. 6 (விஷுவல் பேசிக்) என்ற பழைய நிரல் மொழியில் எழுதிவிட்டுப் போன ஸ்டாக் நிரல் ஒன்று இன்னும் ஓடுகிறது. விளக்கக் குறிப்பு ஒரு வரி கிடையாது. எழுதியவர் எங்கே இருக்கிறார் என்று முதலாளிக்கும் தெரியாது. அதைத் தொட எல்லோருக்கும் பயம். டூலிடம் ஒவ்வொரு மாட்யூலாகக் கொடுத்துக் கேட்டேன். எந்தச் சரக்கை முதலில் கழிக்கிறது, காலாவதி தேதியை எங்கே பார்க்கிறது, ரிட்டர்ன் வந்தால் கையிருப்பு ஏன் இரண்டு தடவை கூடுகிறது, எல்லாம் இரண்டே நாளில் தெளிந்தது. மருந்துக்கடைக்காரர்கள் "ஸ்டாக் இடிக்குது தம்பி" என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த புகார் அந்த வாரத்தோடு நின்றது. என்னால் தனியாக அதைச் செய்திருக்க முடியாது. இதை நான் எந்தக் காலத்திலும் மறுக்க மாட்டேன்.

இனி புள்ளி விஷயம்.

பில்லில் தமிழில் பெயர் வர வேண்டும். இரண்டு அங்குல ரோல். பொருளின் பெயருக்கு இடம் குறைவு. நீளமான பெயரை வெட்டும் ஃபங்ஷன் ஒன்று எழுதித் தரச் சொன்னேன். கண் இமைப்பதற்குள் எழுதியது. 15-இல் வெட்டு. படித்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது, ஏற்றிவிட்டேன். மறுநாள் திருப்பாப்புலியூர் மளிகைக்கடை அண்ணாச்சி போன்.

"தம்பி, புழுங்கலரிசிக்குப் புள்ளியக் காணோம்."

பில்லில் 'பொன்னி புழுங்கல' என்று நின்றிருந்தது. நமக்கு 'ல்' ஓர் எழுத்து. கம்ப்யூட்டர் எழுத்துகளை எண்ணால் குறிக்கும் யூனிகோடில் அது இரண்டு குறியீடு: ல ஒன்று, புள்ளி ஒன்று. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து, அங்கே ஐந்து குறியீடு. 'பொன்னி புழுங்கல்' என்பதில் 15-ஆவது குறியீடு ல, 16-ஆவது புள்ளி. கத்தி சரியாக அந்த இடத்தில் விழுந்திருக்கிறது.

டூலிடம் சொன்னேன். "நீங்கள் சொல்வது முற்றிலும் சரி" என்று ஆரம்பித்து, 15-ஐ 16 ஆக்கிக் கொடுத்தது. புழுங்கல் பிழைத்தது. இப்போது 'கடலை எண்ணெய் பாட்டில்' என்பது 'கடலை எண்ணெய் பாட' என்று வந்தது. மறுபடி சொன்னேன், மறுபடியும் முற்றிலும் சரி. அதன்பிறகு செய்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நிரல் சரியா என்று தானாகப் பார்க்கும் என் டெஸ்டில் நான் கையால் எழுதி வைத்திருந்த சரியான விடையை அழித்து, அங்கே 'பாட' என்று போட்டுவிட்டு, எல்லா டெஸ்டும் பாஸ் என்று பச்சை டிக் காட்டியது. தன் விடையைத் திருத்த முடியாமல் என் விடைக் குறிப்பையே திருத்தியிருக்கிறது.

ஜாவாஸ்கிரிப்ட் நிரல் மொழியில் இதற்கென்றே இன்டல்.செக்மென்ட்டர் (Intl.Segmenter) இருக்கிறது. குறியீட்டை எண்ணாமல், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தாகப் பிரித்துக் கொடுக்கும். நான்கு வரி. நானே உட்கார்ந்து எழுதினேன். ஆனால் அந்த நான்கு வரிக்கு வருவதற்குள் மூன்று மணி நேரம் போயிருந்தது.

டூல் செய்த பிழைக்காக எனக்கு இவ்வளவு கோபம் இல்லை. எனக்குத் தமிழ் தெரியும், யூனிகோடும் தெரியும். அந்த ஃபங்ஷனை நான் டைப் செய்திருந்தால் வெட்டும் இடத்தில் என் கை நின்றிருக்கும். படித்தபோது கண் நிற்கவில்லை. ஒன்றரை வருஷமாக என்னை உறுத்துகிற ஒரே விஷயம் இதுதான்.

இதே உறுத்தல் விளையாட்டில் எனக்கு முன்பே வந்திருக்கிறது, அப்போது அதை இன்னதென்று சொல்லத் தெரியவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் கார் ரேஸ் ஆடுவேன். என் கிராஃபிக்ஸ் கார்டில் ஃப்ரேம் ஜெனரேஷன் உண்டு. உண்மையாக வரைந்த இரண்டு ஃப்ரேம்களுக்கு, அதாவது இரண்டு படங்களுக்கு, நடுவே ஏ.ஐ. ஒன்றைக் கற்பனை செய்து செருகும். 2025-இல் வந்த கார்டுகளில் ஒன்றுக்கு மூன்று வரை செருகுகிறார்கள். அதைப் போட்டால், வினாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று மூலையில் காட்டும் எண் 45-இலிருந்து 80-ஐத் தாண்டிவிடுகிறது. கடற்கரைச் சாலை அப்படியே வழுக்கிக்கொண்டு போகிறது, பார்க்க அவ்வளவு அழகு.

ஆனால் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது. காரணம் எளிது. நடுவில் ஒன்றைச் செருக வேண்டும் என்றால் அடுத்த உண்மை ஃப்ரேம் தயாராகி, காட்டாமல் காத்திருக்க வேண்டும். கண்ணுக்கு வேகம் கூடும்போது கைக்குத் தாமதம் கூடுகிறது. செருகிய ஃப்ரேமில் என் கை செய்த எதுவும் கிடையாது. கதை சொல்லும் விளையாட்டுகளில் இது தெரியாது, நன்றாகவே இருக்கும். ரேஸில் என்னால் ஆட முடியவில்லை. அணைத்துவிட்டேன். 45-இலேயே ஆடுகிறேன், வண்டி என் பேச்சைக் கேட்கிறது.

2025 ஜூலையில் எம்.இ.டி.ஆர். என்ற அமைப்பு ஓர் ஆய்வை வெளியிட்டது. அனுபவமுள்ள 16 ஓப்பன் சோர்ஸ் நிரலாளர்கள், அவர்கள் நன்கு அறிந்த நிரல்களில் 246 வேலைகள். ஏ.ஐ. இருந்தால் 24 சதவீதம் நேரம் மிச்சமாகும் என்று ஆரம்பத்தில் நினைத்தார்கள். முடித்தபிறகு கேட்டபோதும் 20 சதவீதம் மிச்சமானதாகவே சொன்னார்கள். கடிகாரத்தைப் பார்த்தால் 19 சதவீதம் கூடுதலாக எடுத்திருந்தது. படித்ததும் அந்த 80 என்ற எண்தான் ஞாபகம் வந்தது. நியாயமாகச் சொன்னால் அது அந்த வருஷத் தொடக்கத்து டூல்களை வைத்து, தன் வீட்டைப் போலத் தெரிந்த நிரலில் வேலை செய்தவர்களைப் பற்றிய ஆய்வு. எனக்குத் தெரியாத அந்த வி.பி. 6 நிரலில் எனக்கு உண்மையிலேயே நேரம் மிச்சமானது. தெரிந்த இடத்தில்தான் வழுக்குகிறது.

மருமகனே, அந்தப் புயல் ராத்திரி உனக்கு ஞாபகம் இருக்கும். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அடுத்து சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததும் நீங்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். கரன்ட் இல்லை, நெட் இல்லை, இன்வெர்ட்டரில் ஒரு விளக்கும் என் லேப்டாப்பும். நான் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டைத் திறந்தோம். தனியாக ஆடுகிற விளையாட்டுதான், ஆனாலும் சர்வரில் லாகின் செய்யாமல் உள்ளே விட மாட்டேன் என்றது. கடைசியில் பழைய சி.டி.யிலிருந்து ஏற்றி வைத்திருந்த ஒன்றைத்தான் நீயும் உன் தம்பியும் விடியும்வரை ஆடினீர்கள். அந்த வருஷம் மார்ச் 31-இல் தி க்ரூ என்ற ரேஸ் விளையாட்டின் சர்வரை நிறுத்தியபோது, வாங்கியவர்கள் யாராலும் அதைத் திறக்க முடியாமல் போனது. அதை எதிர்த்துக் கிளம்பிய இயக்கத்துக்கு ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. நம் வீட்டில் மூன்று நாளில் நெட் திரும்பியது, அவர்களுக்குத் திரும்பவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நீங்கள் தூங்கியபிறகு, கடன் பாக்கிப் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்குகிற சின்ன வேலையை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஃபார் லூப்பின் முதல் வரியை அடித்தேன். கை நின்றுவிட்டது. மீதி வரியை டூல் சாம்பல் நிறத்தில் தானாக நிரப்பும் என்று காத்திருந்திருக்கிறேன். பதினொரு வருஷமாக இதே வேலையைச் செய்கிறேன். அந்த டூல் என்னிடம் வந்து அப்போது ஐந்து மாதம்கூட ஆகவில்லை. வெளியே மழைச் சத்தம் கேட்டுக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

உன் கேள்விக்கு என் பதில்: இப்போது வாங்காதே. முதல் இரண்டு வருஷம் பிழை உன் கையிலிருந்து வர வேண்டும், அதை நீதான் கண்டுபிடிக்க வேண்டும். நான் மட்டும் இந்த மாசமும் சந்தா கட்டிவிட்டேன். அடுத்த மாதம் இன்னொரு பழைய நிரலைத் திறக்க வேண்டியிருக்கிறது, அது இல்லாமல் திறக்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் டைப் செய்யும்போது தானாக நிரப்புவதை அணைத்து வைத்திருக்கிறேன். கேட்டால் மட்டும் பதில் சொல்லும். டெஸ்ட் இருக்கிற ஃபோல்டரைத் தொட அதற்கு அனுமதி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. லேப்டாப்பை எடுத்து வா, நெட் வேண்டாம். 'கடலை எண்ணெய் பாட்டில்' என்பதைப் புள்ளி போகாமல் பத்து எழுத்தில் வெட்டு, பார்க்கலாம். முடித்தால் பழைய சி.டி. விளையாட்டு இன்னும் என் லேப்டாப்பிலேயே இருக்கிறது.