கெய்கர் கவுண்டரும் ஒரு பிடி வாழைத்தோல் சாம்பலும்

மார்கழி தொடக்கத்தில் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கெய்கர் கவுண்டர், அதாவது கதிரியக்கத்தை எண்ணிக் காட்டும் கருவி, வாங்கினேன். 6,500 ரூபாய். சோப்பு டப்பா அளவுதான். "ரிட்டயர் ஆனவருக்கு இது எதுக்கு?" என்று வீட்டில் கேட்டார்கள். பேத்திக்குப் பள்ளியில் செர்னோபில் பற்றி ப்ராஜெக்ட் என்று சொல்லித் தப்பித்தேன்.

கடைப் பையன், "சார், செல்போன் டவர் கதிரைக்கூட காட்டிடும்" என்றான். காட்டாது. டவரிலிருந்து வருவது ரேடியோ அலை. இந்தக் கருவியின் குழாய் பிடிப்பது கதிரியக்கப் பொருள்களிலிருந்து வரும் காமா கதிரையும், கொஞ்சம் பீட்டா கதிரையும். தெரியாமல் சொன்னானா, தெரிந்தே சொன்னானா, தெரியவில்லை. ரசீதும் இரண்டு முறை கேட்ட பிறகுதான் வந்தது.

பேத்தி கேட்ட கேள்விதான் கருவியை வேலை வாங்கியது. "தாத்தா, காடு எரிஞ்சா அதுல இருக்கற கதிர்வீச்சும் சேர்ந்து எரிஞ்சிடாதா?"

உக்ரைனிலுள்ள செர்னோபிலில் 1986 அணு உலை விபத்தின்போது அணு உலைக்குப் பக்கத்திலிருந்த பைன் மரங்கள் கதிர்வீச்சில் செத்து, ஊசியிலைகள் செம்பழுப்பாகிவிட்டன. அதனால்தான் அதற்குச் சிவப்புக் காடு என்று பெயர். பிர்ச் மரங்கள் பைனைவிடத் தாக்குப்பிடித்தன. செத்த மரங்களை மண்ணில் புதைத்தார்கள். மேலே புதுக் காடு வளர்ந்தது. 2016 ஜூலையில் அதிலும் பெரும்பகுதி எரிந்தது. 2020 ஏப்ரலில் சுற்றுவட்டாரத்தில் மறுபடி பெருந்தீ. பனி உருகிய கையோடு, போன வருஷத்துக் காய்ந்த புல் பற்றிக்கொள்ளும் பருவம் அது.

அந்த விபத்தில் காட்டில் படிந்த கதிரியக்கப் பொருள்களில் ஒன்று சீசியம்-137. தீயால் அதன் அணுவை ஒன்றும் செய்ய முடியாது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்து தீர ஆகும் காலம், ஏறக்குறைய 30 வருஷம். அடுப்பில் போட்டாலும் அதே 30தான். கொஞ்சம் புகையோடு போகும். 2020இல் கீவ் நகரக் காற்றில்கூட அளவு ஏறியது, ஆனால் மிகச் சொற்பம். பெரும்பங்கு மேல்மண்ணிலும் சாம்பலிலும் தங்கிவிடும். அடுத்து முளைக்கும் செடியின் வேருக்குச் சீசியமும் பொட்டாசியமும் கிட்டத்தட்ட ஒரே ஜாடை. ஆள் தெரியாமல் உள்ளே விட்டுவிடும்.

இதை நங்கநல்லூர் மொட்டை மாடியில் எப்படிக் காட்டுவது? சீசியம் இல்லாவிட்டால் என்ன, வாழைப்பழத்திலேயே இயற்கையாகக் கதிரியக்கம் உள்ள பொட்டாசியம்-40 இருக்கிறதே, தோலிலும்தான். இரண்டு வாரம் தோலைச் சேர்த்துக் காயவைத்து, பழைய இரும்புச் சட்டியில் கொளுத்தினோம். ஒரு கூடைத் தோல் ஒரு பிடி சாம்பலானது. ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் கருவியை எண்ணவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை கதிர் என்று சராசரி எடுத்தோம்: வெறும் மேஜை 18, காய்ந்த தோல் 19, சாம்பல் 24. நர்சரியில் வாங்கிய பொட்டாஷ் உரம் (பொட்டாசியம் உப்புதான்) 29. எரித்ததில் கதிரியக்கம் குறையவில்லை. இருந்தது அத்தனையும் ஒரு பிடிக்குள் வந்து சேர்ந்துவிட்டது. பேத்தி அந்த 24ஐச் சிவப்பு மையில் வட்டம் போட்டாள்.

போகியன்று விடிகாலை தெருவே புகைமூட்டம். ஆசைப்பட்டுக் கருவியைப் பால்கனியில் நீட்டினேன். அதே 18. இருமல்தான் மிச்சம்.

அரை மணி நேரம் காத்திருக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு இது நல்ல கருவி. சட்டென்று பார்த்தால் எண் 12க்கும் 25க்கும் நடுவில் தாவும். அதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் வாங்க வேண்டாம். உடம்பில் ஏறும் கதிர்வீச்சை மைக்ரோசீவெர்ட் என்ற அலகில் காட்டும் கணக்கும் உத்தேசம்தான். மீனிலோ கீரையிலோ சீசியம் இருக்கிறதா என்று பார்க்கவும் ஆகாது. அதற்கு, ஈயக் கூண்டுக்குள் வைத்து அளந்து, எந்தப் பொருளின் கதிர் என்று பிரித்துக் காட்டும் காமா நிறமாலைமானி வேண்டும். கையேடு முழுக்கச் சீன மொழி. பேட்டரி மூடியைத் திறப்பதற்குள் நகம் பெயர்ந்துவிடும்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். டவர் கதை இல்லாமல் விற்றிருந்தால் நாலு கொடுத்திருப்பேன். சாம்பலைக் கத்தரிச் செடித் தொட்டியில் கொட்டிவிட்டேன். காய்த்ததும் அதையும் எரித்து அளக்க வேண்டும் என்று பேத்தி பிடிவாதம்; பாட்டி விடுவதாயில்லை.